படகின் நீளம் சொல்லாத கணக்கு

புது தில்லி: கடலில் இறங்கும் படகு எத்தனை அடி நீளம் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையை வைத்தே, அதில் செல்லும் மீனவர் எதுவரை போகலாம், எதற்கெல்லாம் அனுமதி பெற வேண்டும், எந்த மானியத்துக்கு உரியவர் என்பதை அரசு முடிவு செய்கிறது. படகு சிறியதாக இருந்தால் ஆழ்கடலுக்கு லாயக்கற்றவர் என்று ஒதுக்கப்படுகிறார். பெரியதாக இருந்தால் கடல் வளத்தைச் சூறையாடுபவர் என்று சந்தேகிக்கப்படுகிறார். புதிய படகு வாங்க முனையும் மீனவர் ஒவ்வொருவரும் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவேதான் தனது படகின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மீனவர் பிரச்னை என்றதும் நாடாளுமன்றத்தில் வழக்கமாக எழும் குரல்கள் இரண்டு. இலங்கைக் கடற்படையின் கைது நடவடிக்கைகளைத் தமிழக உறுப்பினர்கள் எழுப்புகின்றனர். பாகிஸ்தான் சிறைகளில் வாடும் மீனவர்களைப் பற்றி குஜராத் உறுப்பினர்கள் கேட்கின்றனர். இரண்டுமே நியாயமான கவலைகள். ஆனால், ஒன்பது கடலோர மாநிலங்களையும் ஒருசேரப் பாதிக்கும் கேள்வி ஒன்று அவையில் அதிகம் பேசப்படுவதில்லை. சிறு மீனவர் என்பவர் யார், அதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே அது.

அந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியுள்ளது. பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பதற்கான விதிகளை மத்திய அரசு 2025 நவம்பர் 4-ஆம் தேதி அறிவிக்கை செய்தது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் தொடங்கி 200 கடல் மைல் வரை நீளும் இப்பகுதியில் தொழில் செய்ய விசைப்படகுகளும் பெரிய அளவிலான மோட்டார் படகுகளும் இணையவழியில் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். சீட்டுக்குக் கட்டணம் இல்லை. பாரம்பரிய மீனவர்களுக்கும் சிறு மீனவர்களுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. விலக்கு யாருக்கு, கட்டுப்பாடு யாருக்கு என்பது முதன்மையாகப் படகின் வகையையும் அளவையும் சார்ந்தே அமைகிறது.

மூன்று வகைகள்

இந்தியக் கடற்கரையில் படகுகள் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. துடுப்பாலோ பாயாலோ செல்பவை முதல் வகை. கட்டுமரமும் சிறு வள்ளங்களும் இதில் அடங்கும். பின்புறத்தில் அவுட்போர்ட் மோட்டாரை மாட்டி இயக்கப்படும் ஃபைபர் படகுகளும் வள்ளங்களும் இரண்டாம் வகை. நிலையான இயந்திரத்தைப் படகுக்குள்ளேயே பொருத்தி, வலையை இழுக்கவும் அதே விசையைப் பயன்படுத்தும் விசைப்படகுகள் மூன்றாம் வகை.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் நடத்திய கணக்கெடுப்பின்படி நாட்டில் மீன்பிடித் தொழிலில் இருந்த படகுகள் 1,94,490. இவற்றில் விசைப்படகுகள் 72,559. மோட்டார் பொருத்திய படகுகள் 71,313. மோட்டார் இல்லாதவை 50,618. எண்ணிக்கையில் மூன்றும் ஏறத்தாழ ஒப்பிடத்தக்கவை. கரைக்கு வரும் மீனில் நிலைமை வேறு. முக்கால் பங்குக்கு மேல் விசைப்படகுகள் கொண்டுவருகின்றன. துடுப்பையும் பாயையும் நம்பிய படகுகளின் பங்கு நூற்றுக்கு ஓரிரண்டுதான்.

பதிவு பெற்ற படகுகள் இப்போது சுமார் 2.38 லட்சம் என்றும், அவற்றில் ஏறத்தாழ 64,000 விசைப்படகுகளுக்கு மட்டுமே அனுமதிச் சீட்டு தேவைப்படும் என்றும் புதிய விதிகள் வெளியானபோது மத்திய மீன்வளத் துறை விளக்கம் அளித்தது. பெரும்பாலான மீனவர்களுக்கு விதிகளால் தொல்லை இல்லை என்பது அரசின் வாதம். ஆனால் விலக்கு பெறுபவர் எல்லாரும் எளியவர்கள், சீட்டு பெற வேண்டியவர் எல்லாரும் வசதி படைத்தவர்கள் என்ற முடிவுக்கு இந்தக் கணக்கைக் கொண்டு வர முடியுமா? கேரளக் கடற்கரையின் அனுபவம் முடியாது என்கிறது.

தேர்வின் சங்கடம்

கேரளத்தில் புதுப் படகு வாங்க விரும்பும் மீனவர் முன் இருக்கும் வாய்ப்புகள் பல. முப்பதடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்று. மணலிலேயே இழுத்து ஏற்றலாம், துறைமுகம் தேவையில்லை. நாலைந்து பேர் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பிவிடலாம். எரிபொருளுக்கு மண்ணெண்ணெயை நம்ப வேண்டும். காற்று பலத்தால் கரையிலேயே கிடக்க வேண்டும்.

மற்றொன்று, அறுபது எழுபது அடி நீளமுள்ள இரும்புப் படகு. ஐஸ் நிரப்பும் கிடங்கு, எதிரொலிக் கருவி, பத்துப் பன்னிரண்டு பேர் தங்கிச் சமைத்து உண்ண இடம் எல்லாம் உண்டு. பல நாள் கடலில் தங்கலாம். ஆனால் ஆழமுள்ள துறைமுகம் வேண்டும். ஒரு பயணத்துக்கே ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல் வேண்டும். ஊர் ஆள்கள் போதாமல் தமிழகம், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்களைக் கூட்டிவர வேண்டும். பிடிபடாத நாளிலும் கடனுக்கான வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

தேர்வு பணத்தோடு முடிவதில்லை. சிறு படகை வாங்கியவரைக் கரையோரத்தைத் தாண்டாதவர் என்று துறைமுகம் ஏளனமாகப் பார்க்கும். அடமானத்துக்கு வலுவான சொத்தாக அந்தப் படகை வங்கி ஏற்பதில்லை. பெரிய படகை வாங்கியவர் சொந்த ஊர்க்காரர்களின் கண்ணிலேயே அன்னியராகிறார். நேற்றுவரை வள்ளத்தில் தோளோடு தோள் நின்றவர்கள், தங்கள் வலையை அறுத்துச் செல்லும் படகுக்குச் சொந்தக்காரராக அவரைக் காண்கிறார்கள். இந்த உறுத்தல் வெறும் பொறாமையால் வந்ததன்று. அதற்கு எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

நீண்டகரை தந்த பாடம்

இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகியவற்றுக்கிடையே 1952-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை பகுதியில் 1953-இல் இந்திய - நார்வே திட்டம் தொடங்கியது. உள்ளூர் மீனவரின் வருவாயைப் பெருக்குவதே அதன் நோக்கம். சிறிய விசைப்படகுகள் அறிமுகமாயின. 1960-களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்கு விலை ஏறியபோது, திட்டத்தின் போக்கே மாறியது. கடலடியைத் துழாவி இறாலை அள்ளும் இழுவை மடி கைக்கு வந்தது. கடலையே காணாத முதலீட்டாளர்களும் படகு வாங்கினர்.

வள்ளத்தில் செல்வோர் தொழில் செய்யும் அதே கரையோரத்தில்தான் இறாலும் கிடைத்தது. விளைவு, மோதல். வலைகள் அறுபட்டன, கடலிலும் கரையிலும் கைகலப்புகள் நடந்தன. கோவாவில் ராம்பொன் வலை மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினர். கேரளமும் கோவாவும் 1980-இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றியதற்கு இந்தக் கொந்தளிப்பே காரணம். தமிழகம் 1983-இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. மழைக்காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை விதிக்கும் வழக்கத்தை 1988-இல் கேரளம் தொடங்கியது. கரைக்கடலில் பர்ஸ்சீன் எனப்படும் பெருஞ்சுருக்கு வலைகளுக்குக் கேரள அரசு விதித்த கட்டுப்பாடு செல்லும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாரம்பரிய மீனவரின் பிழைப்பைக் காப்பது அரசின் கடமை என்ற நோக்கு அதில் உறுதிப்பட்டது.

படகைப் பெரிதாக்குவது முன்னேற்றம் என்று சொல்லிக்கொடுத்ததும் அரசுதான். பெரிதான படகைத் தடுக்கச் சட்டம் போட்டதும் அரசுதான். இரண்டுக்கும் இடையே கடன் வாங்கிய மீனவர் நின்றார்.

அடிக்கு ஓர் எல்லை

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி, மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனமாகவும், கரைக்கடலுக்கு அப்பாலான மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் 57-ஆவது இனமாகவும் இடம்பெற்றுள்ளன. ஆகவே 12 கடல் மைலுக்கு உட்பட்ட கடலை மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டன. அந்த வகுப்பில் படகின் நீளம் முக்கிய இடம் பெற்றது.

கர்நாடக விதிகளில் கரையிலிருந்து 6 கிலோ மீட்டர் வரை பாரம்பரியப் படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. 50 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள விசைப்படகுகள் 20 கிலோ மீட்டருக்கு அப்பால் செல்ல வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. ஒடிசாவில் முதல் 5 கிலோ மீட்டர் பாரம்பரியப் படகுகளுக்கு. 15 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு எல்லை 10 கிலோ மீட்டருக்கு அப்பால். 15 மீட்டர் என்பது ஏறத்தாழ 49 அடி. இரு மாநிலங்களும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தைப் பெரிய படகு என்று கருதின. ஆனால் ஒன்று அதை 20 கிலோ மீட்டருக்கும் மற்றொன்று 10 கிலோ மீட்டருக்கும் அப்பால் அனுப்பியது. மீனுக்கு மாநில எல்லை தெரியாது என்பது ஒருபுறமிருக்க, படகுக்கும் அது ஒரே படகுதான்.

மும்பையில் 2008 நவம்பர் 26-இல் நடந்த பயங்கரவாதத் தாக்குதல் மற்றோர் அளவைக் கொண்டுவந்தது. போர்பந்தரைச் சேர்ந்த குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் பயங்கரவாதிகள் மும்பையை நெருங்கினர். அதன் பிறகு எல்லா மீன்பிடிப் படகுகளுக்கும் ஒரே மாதிரியான பதிவு கட்டாயமாயிற்று. 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றில் தானியங்கி அடையாளக் கருவி பொருத்த உத்தரவிடப்பட்டது. மீனவர் பாதுகாப்புக்குத் துணையாக இருந்தவர் என்பது மாறி, சோதிக்கப்பட வேண்டியவர் என்ற பார்வையும் அன்று முதல் சேர்ந்துகொண்டது.

சர்வதேச அளவில் எல்லைக்கோடு 24 மீட்டர். இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தின் படகுப் பதிவேட்டில் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவை இடம்பெற வேண்டும். அதற்குக் குறைந்தவையும் தம் நாட்டின் பிரத்யேக மண்டலத்தைத் தாண்டித் தொழில் செய்தால் பதிவு பெற வேண்டும்.

ஆழ்கடல் யாருக்கு?

சிறு படகுக்காரருக்கு ஆழ்கடல் எட்டாது என்ற எண்ணத்தின் மீதே 1991-இல் மத்திய அரசின் ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை எழுந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுடன் கூட்டு முயற்சியில் பெருங்கப்பல்கள் அனுமதிக்கப்பட்டன. நாடு முழுவதும் மீனவர்கள் 1994-இல் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். தேசிய மீன்தொழிலாளர் பேரவையின் தலைவர்களில் ஒருவரான தாமஸ் கோச்சேரி 1995 மே மாதத்தில் போர்பந்தரில் உண்ணாவிரதம் இருந்தார். வழக்கமாக ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற வள்ளக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் ஒரே மேடையில் நின்றது அப்போராட்டத்தின் சிறப்பு.

அதன் விளைவாக அமைக்கப்பட்ட பி. முராரி தலைமையிலான குழு 1996 பிப்ரவரியில் 21 பரிந்துரைகளை அளித்தது. கூட்டு முயற்சிக் கப்பல்களின் அனுமதிகளை ரத்து செய்ய வேண்டும் என்று அது கூறியது. பாரம்பரியப் படகுகளும் 20 மீட்டருக்குக் குறைந்த விசைப்படகுகளும் தொழில் செய்யும் கடல் பகுதிகளிலும், அண்மை ஆண்டுகளில் அவை எட்டக்கூடிய பகுதிகளிலும் 20 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களை அனுமதிக்கக் கூடாது என்பதும் அதன் முக்கியப் பரிந்துரை. படகின் நீளம் சிறியவருக்குக் கேடயமாகப் பயன்பட்ட அரிய தருணம் அது. பரிந்துரைகளை 1997-இல் மத்திய அரசு ஏற்றது.

ஏற்பு நீடிக்கவில்லை. 2002-இல் அனுமதிக் கடிதம் என்ற பெயரில் வேறு வழி திறந்தது. பி. மீனாகுமாரி தலைமையிலான குழு 2014-இல் அளித்த அறிக்கையில், 200 மீட்டர் முதல் 500 மீட்டர் வரை ஆழமுள்ள பகுதியை இடைக்காப்பு மண்டலமாக வைத்து அங்கு மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்ற பரிந்துரை இடம்பெற்றதும் மீண்டும் எதிர்ப்பு கிளம்பியது. அனுமதிக் கடிதத் திட்டம் 2017-இல் கைவிடப்பட்டது.

அந்த விவாதங்கள் நெடுகிலும் சிறு படகின் தகுதிக்குச் சாட்சியாக நின்றது தூத்தூர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் உள்ள இக்கிராமமும் அதையொட்டிய ஊர்களும் சுறா, சூரை பிடிப்பதில் பெயர்பெற்றவை. அறுபது எழுபது அடிப் படகுகளில், தூண்டிலையும் செவுள் வலையையும் எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கும் மேலாகக் கடலில் தங்கி, அரபிக் கடலின் நெடுந்தொலைவுவரை சென்று வருபவர்கள் அவர்கள். கொச்சி தோப்பும்படி துறைமுகம் அவர்களது முக்கியத் தளம். ஆழ்கடல் தொழில் இந்தியருக்குத் தெரியாது என்று தில்லியில் கோப்புகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். 2017 நவம்பர் 30-இல் வீசிய ஒக்கிப் புயல் இவ்வூர்களைச் சூறையாடியபோதுதான், இவர்கள் எவ்வளவு தொலைவு செல்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியவந்தது.

நீளம் பொய் சொல்லும்போது

நீளத்தை மட்டும் நம்பினால் மறுபக்கமும் ஏமாற்றும். கேரளத்தின் சுருக்குமடி வள்ளங்கள் இதற்குத் தக்க உதாரணம். 1980-களில் மத்தி, அயிலை மீன்களைப் பிடிக்கச் சிறு வள்ளங்களுக்கென அறிமுகமான வலை அது. ஆண்டுகள் செல்லச் செல்ல வலை வளர்ந்தது. வலையோடு வள்ளமும் வளர்ந்தது. நாற்பது ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பெரு வள்ளங்கள் உள்ளேயே இயந்திரம் பொருத்திக்கொண்டன. இழுவைப் படகுகளைவிட நீளமான வள்ளங்களும் அவற்றில் உண்டு. ஆயினும் அவை பாரம்பரியத் தொழில் என்றே கருதப்படுகின்றன. மழைக்காலத்தில் அவை மேல்மட்ட மீன்களைப் பிடிக்க வகைசெய்து 2007-இல் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது.

இதை ஓட்டை என்று இழுவைப் படகு உரிமையாளர்கள் சாடுகின்றனர். மத்திக் குஞ்சுகளை அள்ளும் பெருவலைகள் வளத்தைக் குறைக்கின்றன என்ற விஞ்ஞானிகளின் எச்சரிக்கையும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் பல வள்ளங்களின் உரிமை ஒருவர் கையில் இல்லை. பத்து முப்பது பேர் பங்கு சேர்த்து வாங்கியவை அவை. பிடிபட்ட மீனின் விலை அத்தனை குடும்பங்களுக்கும் பிரிகிறது. கரையில் ஒற்றைப் பெரும் படகாகத் தெரிவது, கணக்கில் முப்பது சிறு மீனவர்களின் கூட்டு. அதே வேளையில், நாற்பதடிப் படகு ஒன்றின் பத்திரம் மீனவர் பெயரில் இருந்தாலும், முன்பணம் கொடுத்த ஏலத் தரகருக்கே மீன் முழுவதையும் அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டிய நிலையும் கடற்கரையில் பழகிப்போன ஒன்று. இந்தப் பிடியைத் தளர்த்தவே கேரளம் 2021-இல் மீன் ஏலம், விற்பனை தொடர்பான சட்டத்தைக் கொண்டுவந்தது.

லட்சத்தீவு மற்றொரு பாடம். அங்கே பாப்லோ எனப்படும் சிறு விசைப்படகுகளில் சென்று, தூண்டில் கோலால் ஒவ்வொன்றாகச் சூரை மீனைப் பிடிக்கின்றனர். மாசிக் கருவாடாக அது தீவைவிட்டு வெளியேறுகிறது. தேவையற்ற மீன்கள் சிக்காத, கடலடியைக் கிளறாத முறை இது. வகைப்பாட்டில் அது விசைப்படகு. கடலடியைச் சுரண்டும் இழுவைப் படகும் விசைப்படகு. இயந்திரம் ஒன்றே என்பதால் இரண்டுக்கும் ஒரே பெயர்.

கடலில் கிடைத்த தீர்ப்பு

சிறு படகைத் தவறாக எடைபோடுவதன் விலை சில வேளைகளில் உயிர். 2012 பிப்ரவரி 15-இல் கேரளக் கடற்கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில் செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகை, என்ரிகா லெக்ஸி என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் கொள்ளையர் படகு என்று கருதிச் சுட்டனர். இரண்டு மீனவர்கள் மாண்டனர். ஒருவர் கேரளத்தவர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். சர்வதேச நடுவர் மன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. இத்தாலி அளித்த ரூ.10 கோடி இழப்பீட்டை ஏற்று, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்திய வழக்கை முடித்துவைத்தது.

அதே கேரளத்தில் 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் நிலைமை தலைகீழானது. பெரிய கலங்கள் நுழைய முடியாத தெருக்களில் சிறு ஃபைபர் படகுகள் புகுந்தன. லாரிகளில் ஏற்றிவரப்பட்ட அறுநூற்றுக்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் பல்லாயிரம் பேரை மீட்டன. கேரளத்தின் சொந்தப் படை என்று முதல்வராக இருந்த பினராயி விஜயன் மீனவர்களைப் பாராட்டினார். கடலோரத்தைத் தாண்டாதவை என்று எள்ளப்பட்ட படகுகள்தாம் அவை.

மானியத்தின் திசை

பாராட்டு ஒருபுறமிருக்க, மானியம் செல்லும் திசை பெரிய படகை நோக்கியே இருக்கிறது. பாக் நீரிணையில் இழுவைப் படகுகளைக் குறைத்து மீனவர்களை ஆழ்கடலுக்குத் திருப்பும் திட்டம் 2017-இல் தொடங்கப்பட்டது. ரூ.80 லட்சம் மதிப்புள்ள சூரை மீன் படகு ஒன்றுக்கு மத்திய அரசு 50 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் தரும்; மீனவர் 10 சதவீதம் போட வேண்டும்; 20 சதவீதம் வங்கிக் கடன். அதாவது மீனவர் சொந்தமாக ரூ.8 லட்சமும் கடனாக ரூ.16 லட்சமும் சுமக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அந்த இலக்கின் அருகில்கூடத் திட்டம் செல்லவில்லை.

2020-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகு ஒன்றின் மதிப்பு ரூ.1.20 கோடி என்று நிர்ணயிக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம் மானியம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மகளிருக்கு 60 சதவீதம். பொதுப் பிரிவு மீனவர் ஒருவருக்கு ரூ.48 லட்சம் மானியம் கிடைத்தாலும் மீதி ரூ.72 லட்சத்தை அவரே தேட வேண்டும். சிறு படகைத் தவிர வேறு சொத்து இல்லாதவருக்கு இது எட்டுகிற தொகை அன்று. கூட்டுறவுச் சங்கங்களுக்குப் படகு வழங்கும் முறை இதற்கு ஓரளவு மாற்று. மும்பை மசகான் கப்பல் தளத்தில் 2025 அக்டோபரில் இத்தகைய படகுகள் கூட்டுறவுச் சங்கத்தினரிடம் ஒப்படைக்கப்பட்டன. புதிய விதிகளும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்கின்றன. இது வரவேற்கத்தக்கது.

ஆனால் அதே விதிகளில் இடம்பெற்றுள்ள தாய் - சேய்க் கலன் முறை வேறு ஐயத்தைக் கிளப்புகிறது. சிறு படகுகள் பிடிக்கும் மீனை நடுக்கடலிலேயே பெரிய தாய்க் கலன் பெற்றுக்கொள்ளும். அந்தமான் நிகோபார், லட்சத்தீவுக் கடல் பகுதிகள் இதற்குக் குறிப்பாகக் கருதப்படுகின்றன. தாய்க் கலன் மீனவர் சங்கத்துக்குச் சொந்தமானால் இது நல்ல ஏற்பாடு. தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானால், கரையில் இருந்த ஏலத் தரகர் கடலுக்கே வந்துவிட்டார் என்று பொருள்.

ஜெனீவாவில் சிறியவர்

வெளிநாட்டில் இந்தியா பேசும் மொழி வேறு. உலக வர்த்தக அமைப்பின் ஜெனீவா அமைச்சர்கள் மாநாட்டில் 2022 ஜூனில் மீன்பிடி மானிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல், இந்திய மீனவக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15 டாலர் அளவுக்குத்தான் மானியம் கிடைக்கிறது என்றும், சில நாடுகளில் அது 42,000, 65,000, 75,000 டாலர்வரை செல்கிறது என்றும் எடுத்துக்காட்டினார். சிறு மீனவர்களைக் கொண்ட வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும், 200 கடல் மைலுக்குள் நடக்கும் சிறு தொழிலுக்குக் கட்டுப்பாடு கூடாது என்பது இந்தியாவின் நிலை. அந்த ஒப்பந்தம் 2025 செப்டம்பர் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அளவுக்கு மிஞ்சிய மீன்பிடித் திறனுக்குத் தரப்படும் மானியம் பற்றிய இரண்டாம் கட்டப் பேச்சு 2024 அபுதாபி மாநாட்டிலும் முடிவு காணவில்லை.

பேச்சுவார்த்தையின் முடிச்சு, சிறியவர் யார் என்ற அதே கேள்விதான். குறைந்த வருவாய், வள வசதியின்மை, பிழைப்புக்கான தொழில், கரையிலிருந்து இத்தனை மைல் என்று பல அளவுகள் முன்வைக்கப்பட்டன. 12 அல்லது 24 கடல் மைலோடு சலுகை நின்றுவிட்டால், தூத்தூர் படகு பெரியதாகிவிடும். உள்நாட்டில் சிறிய படகை விட்டுப் பெரிய படகுக்கு மாறச் சொல்லிக்கொண்டே, வெளிநாட்டில் எங்களவர் எல்லாரும் சிறியவர் என்று வாதாடுவது நெடுநாள் செல்லாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014-இல் ஏற்ற சிறு மீன்பிடித் தொழில் வழிகாட்டு நெறிகள், சிறு தொழிலுக்கு ஒற்றை அளவை வரையறுக்கவில்லை. அந்தந்த நாடு, மீனவரையும் உள்படுத்தி, வலை, உரிமை, உழைப்பு, கரைச் சமூகம் அனைத்தையும் கருதி முடிவு செய்யட்டும் என்று விட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்தொழிலாளர் ஆதரவு அமைப்பின் செயலாளராக இருந்து, 2014 மார்ச்சில் மலேசிய விமானத்துடன் காணாமல்போன சந்திரிகா சர்மாவுக்கு அந்நெறிகள் காணிக்கையாக்கப்பட்டன. அந்த முடிவை எடுக்கும் பணி இந்தியாவில் இன்னும் மிச்சமிருக்கிறது.

முயற்சி நடக்காமல் இல்லை. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட கடல் மீன்வள மசோதா முன்வரைவு, பிரத்யேக மண்டலத்தில் மீன்பிடிக்க உரிமம் கட்டாயம் என்றது. தமிழக முதல்வர் என்ற முறையில் மு.க. ஸ்டாலின் 2021 ஜூலையில் பிரதமருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். மீனவர் அமைப்புகளும் எதிர்த்தன. மசோதா நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், தனிச் சட்டம் வராமலேயே, விதிகள் வந்தன. மசோதா என்றால் விவாதம் உண்டு, திருத்தம் உண்டு, நிலைக்குழு உண்டு. விதிகளுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

விதிகள் அவையின் முன் வைக்கப்படும்போது உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். படகின் உரிமையாளர் தாமே கடலுக்குச் செல்பவரா? வருவாய் எத்தனை பேருக்குப் பிரிகிறது? இயந்திரத்தின் குதிரைத்திறன் என்ன? வலை எது, கண்ணியின் அளவு என்ன, கடலடியைத் தொடுகிறதா? மீன் யாருக்கு, யார் சொல்லும் விலைக்குப் போகிறது? இவற்றுக்கான விடைகள் பதிவேட்டில் ஏறினால், கூட்டாக வாங்கிய பெரு வள்ளத்துக்கும் ஒற்றை முதலாளியின் இழுவைப் படகுக்கும் உள்ள வேறுபாடு அரசுக்குத் தெரியும். லட்சத்தீவின் பாப்லோ எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் தெரியும்.

அனுமதிச் சீட்டுக்கு மனு செய்யும்போது மீனவர் எதிர்கொள்ளும் முதல் கேள்விகளில் ஒன்று இன்றும் படகின் நீளம்தான். அந்த ஒரு விவரத்தை மட்டும் வைத்துக் கடலைப் பங்கிட்டதன் விளைவை நீண்டகரை ஒரு முறை கண்டுவிட்டது. ஏழு கோடி, எட்டுக் கோடி அல்லாவிட்டாலும், 2010 கணக்கெடுப்பின்படி 3,288 மீனவக் கிராமங்களில் வாழ்ந்த சுமார் 40 லட்சம் பேரைக் கொண்ட சமூகத்தின் பிழைப்பு அந்தக் கேள்வியைச் சார்ந்திருக்கிறது. நாடாளுமன்றம் அதை ஒரு நாளாவது முழுமையாக விவாதிப்பது தகும்.